பொதியும் பொறுப்பும்

ஒரு மென்பொருளை எழுதி முடிப்பது வேறு. முன்பின் அறியாத ஒருவரது கணினியில் அது பழுதின்றி இயங்கும்படி செய்வது வேறு. முதற்பணியைச் செய்தவரை உலகம் அறியும். இரண்டாம் பணியைச் செய்தவரைப் பெரும்பாலும் அறிவதில்லை. கட்டற்ற இயங்குதளங்களில் நாம் நாளும் கையாளும் உலாவி, எழுத்துச் செயலி, படந்திருத்தி, இசையியக்கி ஆகிய ஒவ்வொன்றும் நம் திரைக்கு வருமுன் யாரோ ஒருவரால் முறையாகப் பொதியப்படுகிறது. அப்பொதியைக் கட்டும் கலையும் நுட்பமும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்துவந்துள்ளன. கணினிக்குள் நுழையும் நிரலுக்கு யார் பொறுப்பு என்னும் வினாவுக்குக் கட்டற்ற மென்பொருள் உலகம் தந்த விடையே பொதியாக்கம் என்பது என் துணிபு.

மூன்று கட்டளைகளின் காலம்

ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். எல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்சுக் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து முழுமையான இயங்குதளம் உருவான தொடக்க ஆண்டுகளில், மென்பொருள்கள் பெரிதும் மூலநிரலாகவே கைமாறின. பெற்றவர் சுருக்கப்பட்ட கோப்பை விரித்து, மூன்று கட்டளைகளை முறையே இடுவார். முதற்கட்டளை, வேண்டிய கருவிகள் கணினியில் உள்ளனவா என்று ஆராயும். இரண்டாவது, மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும். மூன்றாவது, விளைந்த கோப்புகளை உரிய அடைவுகளில் வைக்கும்.

இம்முறையில் மூன்று குறைகள் இருந்தன. வேண்டிய நிரலகம் ஒன்று இல்லையெனில் முதற்கட்டளையே நின்றுவிடும். அதைத் தேடிக் கொணர்ந்தால் அது வேறு இரண்டைக் கேட்கும். எந்தக் கோப்பு எந்த மென்பொருளுக்கு உரியது என்னும் பதிவு எங்கும் இராது; ஆகவே நிறுவியதை நீக்குவது நிறுவுவதைவிடக் கடினம். இரு மென்பொருள்கள் ஒரே பெயரில் ஒரு கோப்பை வைக்க முனைந்தால், பின்வந்தது முன்னதை அழித்துவிட்டு அமைதியாக அமர்ந்துகொள்ளும். முன்னது ஏன் இயங்கவில்லை என்பது பயனருக்கு விளங்காது.

இக்குறைகளைக் களையும் முயற்சிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பல இடங்களில் தோன்றின. பேட்ரிக் வோல்கர்டிங் 1993இல், கருவையும் மென்பொருள்களையும் ஒருங்கே தொகுத்துத் தரும் சிலாக்வேர் என்னும் வழங்கலை வெளியிட்டார். 1994இல் பிரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ஜோர்டன் அப்பர்டு, மூலநிரலைத் தானே கொணர்ந்து தொகுத்து நிறுவும் ‘போர்ட்ஸ்’ முறையைத் தொடங்கினார். 1993 ஆகஸ்டு 16 அன்று, பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தார். பலர் கூடித் திறந்த முறையில் பேணும் வழங்கல் வேண்டும் என்பதே அவரது நோக்கம். அத்திட்டத்தின் பொதி மேலாண்மைக் கருவியான டிபேக்கேஜை 1994இல் இயன் ஜாக்சன் சி மொழியில் புதிதாக எழுதினார். 1995இல் ரெட்ஹேட் நிறுவனத்தின் மார்க் ஈவிங்கும் எரிக் டிரோனும் ஆர்.பி.எம். முறையை அளித்தனர். கோப்புகள் எவ்வெவ்வடைவில் இருக்கவேண்டும் என்னும் பொதுத்தரமும் 1994 பிப்ரவரியில் வெளிவந்தது. இன்றைய லினக்சுப் பொதியாக்கத்தின் அடித்தளம் இச்சில ஆண்டுகளில் இடப்பட்டதே.

பொதியின் உள்ளே

டெபியன் பொதி ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். ‘டெப்’ என்னும் பின்னொட்டுடைய அக்கோப்பினுள் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலாவது மிகச் சிறியது, அதில் 2.0 என்னும் வடிவ எண் மட்டுமே இருக்கும். இரண்டாவது கட்டுப்பாட்டுத் தொகுதி. மூன்றாவது தரவுத் தொகுதி. கணினியில் இடம்பெறவேண்டிய கோப்புகள் யாவும் அவையவை சென்றமரும் அடைவு வரிசையிலேயே அதனுள் அடுக்கப்பட்டிருக்கும்.

பொதியின் உயிர் இரண்டாவது உறுப்பில் இருக்கிறது. பொதியின் பெயர், பதிப்பு, எவ்வகை இயந்திரத்துக்கு உரியது, எந்தெந்தப் பொதிகளைச் சார்ந்தது, எவற்றோடு முரண்படும், பேணுநர் யார், அவரது மின்னஞ்சல் முகவரி யாது ஆகியவை அதில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். பேணுநர் பெயர் இன்றிப் பொதியே இல்லை. பெயரற்று எதுவும் உள்ளே வரலாகாது என்பது இம்முறையின் முதல் விதி.

பதிப்பெண்ணை ஒப்பிடுவதிலும் நுட்பம் உண்டு. 1.9, 1.10 ஆகிய இரண்டில் எது புதியது? எழுத்து வரிசைப்படி பார்த்தால் 1.9 பின்வரும், ஆனால் எண்ணாகப் பிரித்துப் பார்க்கும் டிபேக்கேஜ், பத்து ஒன்பதினும் பெரியது என்று கொள்ளும். 2.0 வெளிவருமுன் வரும் சோதனைப் பதிப்பை எவ்வாறு குறிப்பது? 2.0 என்பதை அடுத்து அலைக்குறியிட்டு எழுதினால், அது 2.0-க்கு முற்பட்டதாகக் கொள்ளப்படும். இச்சிறு குறி இல்லையெனில், சோதனைப் பதிப்பை நிறுவியவரின் கணினி, முழுமையான பதிப்பைப் பழையது என்று தள்ளிவிடக்கூடும்.

கட்டுப்பாட்டுத் தொகுதியில் நான்கு சிறு நிரல்களும் இடம்பெறலாம்: நிறுவுமுன், நிறுவியபின், நீக்குமுன், நீக்கியபின் இயங்குபவை அவை. இவை கணினியின் முழு அதிகாரத்தோடு இயங்கும் என்பதைப் பயனர் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ளவேண்டும். எங்கிருந்தோ பதிவிறக்கிய பொதியை நிறுவ ஒப்புதல் அளிப்பது, அதைக் கட்டியவர் கையில் கணினியையே ஒப்படைப்பதாகும்.

மேசைக்கணினி மென்பொருளுக்கு மற்றுமொரு சிறு கோப்பு இன்றியமையாதது. மென்பொருளின் பெயர், இயக்கவேண்டிய கட்டளை, படவுரு, திறக்கவல்ல கோப்பு வகைகள் ஆகியவற்றைச் சில வரிகளில் சொல்லும் அக்கோப்பு, ஒரு பொது அடைவில் வைக்கப்படும். இதன் வடிவம் ஃபிரீடெஸ்க்டாப் என்னும் கூட்டு முயற்சியால் பொதுவாக்கப்பட்டது. ஆதலால் க்னோம், கேடிஇ எனப் பணிச்சூழல் எதுவாயினும் அதே கோப்பைப் படித்துத் தன் பட்டியில் மென்பொருளைக் காட்டும். பெயர் வரியில் அடைப்புக்குள் மொழிக்குறியீட்டைச் சேர்த்து எழுதினால், தமிழில் அமைத்த கணினியில் அம்மென்பொருள் தமிழ்ப்பெயரோடு தோன்றும். தமிழுக்கு இதில் தேவைப்படுவது ஒரே ஒரு வரி.

சார்பு என்னும் கணக்கு

எந்த மென்பொருளும் தனித்து நிற்பதில்லை. எழுத்துருவைத் திரையில் வரையவும், படத்தை விரிக்கவும், இணையத்தொடர்பை மறைகுறியாக்கவும் பொதுவான நிரலகங்கள் உள்ளன. ஒவ்வொரு மென்பொருளும் இவற்றின் படியைத் தன்னுள் சுமக்காமல், கணினியில் உள்ள ஒரே படியைப் பகிர்ந்துகொள்வது லினக்சு வழங்கல்களின் மரபு. இதன் பயன் 2014 ஏப்ரலில் தெளிவாயிற்று. ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ‘ஆர்ட்பிளீட்’ எனப்பட்ட பெருங்குறை வெளிப்பட்டது. வழங்கிகளின் நினைவகத்திலிருந்து கமுக்கச் செய்திகளைப் பிறர் உறிஞ்ச அது வழிவிட்டது. டெபியன் அன்றே திருத்திய பொதியை வெளியிட்டது. அந்த ஒரு பொதியைப் புதுப்பித்து, இயங்கிக்கொண்டிருந்த பணிகளை மறுதொடக்கம் செய்த அளவில், அந்நிரலகத்தைப் பகிர்ந்த மென்பொருள்கள் அனைத்தும் காக்கப்பட்டன.

பகிர்வின் விலையும் சிறிதன்று. ஒரு பொதி பலவற்றைச் சார்கிறது. அவை ஒவ்வொன்றும் மேலும் பலவற்றைச் சார்கின்றன. ‘இது அல்லது அது’ என்னும் மாற்றுச் சார்புகளும் உண்டு. ‘இவ்விரண்டும் ஒருங்கே கூடா’ என்னும் முரண்களும் உண்டு. சான்றாக, டெபியனில் ஒரு மென்பொருள் மின்னஞ்சல் அனுப்பி ஏதேனும் ஒன்றைக் கேட்கலாம். எக்சிமும் அத்தேவையை நிறைவு செய்யும். போஸ்ட்பிக்சும் நிறைவு செய்யும். ஆனால் இரண்டும் ஒரே கணினியில் ஒருங்கே நிறுவப்படமாட்டா. இத்தகைய தெரிவுகள் முப்பது சேர்ந்தால் நூறு கோடிக்கு மேற்பட்ட சேர்க்கைகள் எழும்.

ஐரோப்பிய ஒன்றிய ஆதரவில் நடந்த எடோஸ் ஆய்வுத்திட்டத்தினர், இச்சிக்கலின் இயல்பை 2006இல் கணித நெறியில் விளக்கினர். பொதி ஒவ்வொன்றையும் மெய் அல்லது பொய் என்னும் மதிப்பேற்கும் மாறியாகக் கொண்டால், சார்பும் முரணும் ஏரணக் கூற்றுகளாகிவிடும். அக்கூற்றுகள் அனைத்தையும் ஒருங்கே மெய்யாக்கும் மதிப்புகள் உண்டா என்பதே கேள்வி. இது ‘என்.பி. முழுமை’ எனப்படும் கடினச் சிக்கல் வகையைச் சேர்ந்தது என அவர்கள் காட்டினர். எல்லா நேர்வுகளிலும் விரைந்து விடை காணும் வழி எதுவும் இவ்வகைச் சிக்கலுக்கு இதுவரை அறியப்படவில்லை. எனினும் நடைமுறையில், பொதிகளைத் திரட்டி வைக்கும் களஞ்சியங்களின் கட்டமைப்பு ஒழுங்குடையது; பேணுநர்கள் முரண்களைத் தேவைக்கு மேல் எழுதுவதில்லை. எனவே இன்றைய தீர்விகள் நொடிப்பொழுதில் விடை காண்கின்றன. ஓப்பன்சூசே 2008இல் இந்த ஏரணத் தீர்வு முறையைத் தன் நிறுவியில் புகுத்தியது. ஃபெடோராவின் டிஎன்எஃப் கருவியும் அதே தீர்வியைப் பயன்படுத்துகிறது.

டெபியனில் சார்புகளைத் தானே தேடிக் கொணரும் ‘ஆப்ட்’ கருவி 1999 மார்ச்சில் வெளியான 2.1 பதிப்போடு அறிமுகமாயிற்று. 1996இல் 474 பொதிகளோடு வந்த டெபியன், 2025 ஆகஸ்டில் வெளியான 13-ஆம் பதிப்பில் 69,830 பொதிகளைத் தாங்கி நிற்கிறது. ஒரு வரிக் கட்டளையால் இப்பரப்பில் எதையும் பெறமுடிகிறது என்றால், அதன் பின்னால் ஒவ்வொரு பொதியின் சார்பு வரியையும் கண்காணிக்கும் மாந்தர் இருக்கின்றனர்.

நம்பிக்கையின் சங்கிலி

களஞ்சியத்தின் படிகள் உலகெங்கும் பல்கலைக்கழகங்களிலும் நிறுவனங்களிலும் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று கயவர் கையில் சிக்கினால் என்ன ஆகும்? களஞ்சியத்தின் தலைக்கோப்பு, பொதிப் பட்டியல்களின் கணிப்புச் சுருக்கங்களைத் தாங்கியிருக்கும். பட்டியல், ஒவ்வொரு பொதியின் சுருக்கத்தையும் தாங்கியிருக்கும். தலைக்கோப்பில் டெபியனின் மறையியல் கையொப்பம் இருக்கும். பொதியில் ஒரு பிட்டு மாறினாலும் சுருக்கம் மாறும், பட்டியலோடு பொருந்தாது. பட்டியலைத் திருத்தினால் தலைக்கோப்போடு பொருந்தாது. தலைக்கோப்பைத் திருத்தினால் கையொப்பம் பொய்க்கும். ஆகவே பொதி எவ்வழியே வந்தது என்பது பொருட்டன்று.

கையொப்பம், பொதி இடைவழியில் மாறவில்லை என்பதை மட்டுமே உறுதி செய்யும். கட்டியவர் தவறவில்லை என்பதை உறுதி செய்யாது. 2006 செப்டம்பரில், ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் டெபியன் பொதியில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. தொடக்க மதிப்பிடாத நினைவகத்தைப் படிப்பதாகச் சோதனைக் கருவி எச்சரித்ததால், தொடர்புடைய வரிகள் நீக்கப்பட்டன. அவ்வரிகளே முன்கூட்டிக் கணிக்க இயலாத எண்களுக்கு வித்தைச் சேர்த்தவை. அவை அகன்றபின் எஞ்சிய வித்து, செயல்முறையின் அடையாள எண் மட்டுமே. அதற்கு இருந்த வாய்ப்புகள் ஏறத்தாழ 32,768. ஊகிக்கவே இயலாதென நம்பப்பட்ட மறைதிறவிகள் எண்ணித் தீர்க்கக்கூடிய பட்டியலாகச் சுருங்கின. லூசியானோ பெல்லோ கண்டறிந்த இக்குறை 2008 மே மாதத்தில் வெளியிடப்பட்டுத் திருத்தப்பட்டது. அதுவரை உருவாக்கிய திறவிகளை உலகெங்கும் மாற்ற நேர்ந்தது. மூல உருவாக்குநரின் நிரலில் பேணுநர் கைவைக்கும்போது எத்துணை விழிப்பு வேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய பாடம் இல்லை.

2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட நிகழ்வோ எதிர்த்திசையிலிருந்து வந்தது. எக்ஸ்இசட் என்னும் சுருக்கு நிரலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், நெடுங்காலம் நம்பிக்கை ஈட்டிய உருவாக்குநர் ஒருவரின் வழியாகவே பின்கதவு ஒன்று புகுத்தப்பட்டிருந்தது. அதைத் தொடங்கிவைக்கும் வரிகள் திறந்த மூலநிரல் சேமிப்பில் இல்லை. பேணுநர்கள் எடுத்தாளும் வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தன. டெபியன் அல்லது ஆர்.பி.எம். பொதியாகக் கட்டப்படும்போது மட்டுமே அது தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. பொதியாக்க முறையையே இலக்காகக் கொண்ட தாக்குதல் அது. தொலைநுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்டு என்னும் பொறியாளர், காரணத்தைத் துருவிச் சென்று உண்மையை வெளிக்கொணர்ந்தார். நஞ்சு டெபியனின் சோதனைக் கிளைகள் வரை வந்திருந்தது, நிலைப்பதிப்பை எட்டவில்லை. புதிய பதிப்பு உடனே கிடைப்பதில்லையே என்று பலர் குறைகூறும் அக்காத்திருப்பே அன்று காப்பாயிற்று.

இத்தகைய இடர்களுக்கு அறிவியல் காட்டும் மருந்துகளுள் ஒன்று, மறுவிளைவுடைய தொகுப்பு. அதே மூலநிரலை யார், எங்கே, எப்போது தொகுத்தாலும் ஒரு பிட்டும் மாறாத அதே பொதி விளையவேண்டும். கேட்பதற்கு எளிது; ஆனால் தொகுத்த நேரம், அடைவின் பெயர், கோப்புகளின் வரிசை எனப் பல சிறு வேறுபாடுகள் பொதிக்குள் ஊடுருவும். 2013 முதல் டெபியன் பேணுநர்கள் இவற்றை ஒவ்வொன்றாகக் களைந்துவருகின்றனர். இது முழுமையுற்றால், ‘இந்நிரலிலிருந்துதான் இப்பொதி வந்தது’ என்னும் கூற்றை எவரும் தாமே சோதித்து அறியலாம்.

அடைத்து வரும் பொதிகள்

நிலைப்பதிப்புகளின் காத்திருப்பு மேசைக்கணினிப் பயனருக்குச் சுமையாவதும் உண்மையே. கிம்ப் படந்திருத்தியின் 3.0 பதிப்பு பல்லாண்டு உழைப்புக்குப்பின் 2025 மார்ச்சில் வெளிவந்தது. டெபியன் நிலைப்பதிப்பைக் கையாண்டவர்களுக்கு அடுத்த பதிப்பு வந்த ஆகஸ்டு வரை களஞ்சியத்தில் 2.10-ஏ கிடைத்தது. மென்பொருளை எழுதுவோருக்கும் இடர் உண்டு: டெபியனுக்கு ஒரு பொதி, ஃபெடோராவுக்கு ஒரு பொதி, ஆர்ச்சுக்கு ஒரு பொதி என உழைப்புப் பெருகுகிறது.

இதற்கு விடையாக எழுந்தவையே தற்சார்புப் பொதிகள். வழிப்போக்கர் கட்டுச்சோற்றோடு வருவதுபோல், இவை தமக்கு வேண்டிய நிரலகங்களைத் தம்முடனே கொண்டுவருகின்றன. சைமன் பீட்டர் 2004இல் தொடங்கிய கிளிக் முயற்சியின் வழித்தோன்றலான ஆப்இமேஜில், மென்பொருள் முழுவதும் ஒரே கோப்பு. இயக்க இசைவு அளித்துத் திறந்தால் போதும், நீக்கக் கோப்பை அழித்தால் போதும். கேனோனிக்கல் நிறுவனத்தின் ஸ்னாப், உபுண்டு 16.04 வழி பரவியது. அலெக்சாண்டர் லார்சன் முன்னின்று உருவாக்கிய ஃபிளாட்பேக், 2016இல் அப்பெயரைப் பெற்றது.

ஃபிளாட்பேக்கின் அமைப்பு நுட்பமானது. பல மென்பொருள்களுக்குப் பொதுவான நிரலகங்களை ‘இயக்கத்தளம்’ என்னும் தொகுதியாக வைத்து, மென்பொருள்கள் அதைப் பகிர்ந்துகொள்ளச் செய்கிறது. ஒரே உள்ளடக்கமுள்ள கோப்பு எத்தனை பொதிகளில் வந்தாலும் வட்டில் ஒருமுறையே சேமிக்கப்படும். மென்பொருள் ஒரு தனியறைக்குள் இயங்கும். வெளியிலுள்ள கோப்பைத் திறக்கவேண்டுமெனில் ‘வாயில்’ வழியே கேட்கவேண்டும். பயனர் தெரிந்தெடுத்த கோப்பு மட்டுமே அதன் கைக்கு வரும்.

ஆயினும் இங்கே பொறுப்பு இடம்மாறுகிறது என்பதைக் காணவேண்டும். மென்பொருள் தன்னுடன் அடைத்துவந்த நிரலகத்தில் குறை கண்டால், வழங்கலின் பேணுநரால் அதைத் திருத்த இயலாது. அப்பொதியைக் கட்டியவர் புதிதாகக் கட்டும்வரை குறை நீடிக்கும். தனியறையின் காப்பும் மென்பொருள் கேட்டுப்பெற்ற இசைவைப் பொறுத்தது. வீட்டடைவு முழுவதையும் கேட்கும் மென்பொருளுக்குத் தனியறை பெயரளவினதே. 2018 மே மாதத்தில், ஸ்னாப் அங்காடியில் இருந்த எளிய விளையாட்டு ஒன்றினுள் மறைநாணயம் அகழும் நிரல் ஒளிந்திருந்தது கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது. இடையில் நின்று படித்துப்பார்க்கும் பேணுநர் இல்லாத இடத்தில், அப்பணி பயனர் தோளில் ஏறுகிறது.

மூன்றாவது பாதையும் உண்டு. யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் முனைவர் பட்ட ஆய்வாக அளித்த நிக்ஸ் முறையில், ஒவ்வொரு பொதியும் தன்னை ஆக்கிய உள்ளீடுகள் அனைத்தின் கணிப்புச் சுருக்கத்தைத் தாங்கிய தனி அடைவில் அமர்கிறது. ஒரே நிரலகத்தின் இரு பதிப்புகள் மோதாமல் உடனிருக்கலாம். புதுப்பித்தல் பிழைத்தால் முந்தைய நிலைக்கு உடனே மீளலாம். கற்பதற்குக் கடினமாயினும், கருத்தளவில் இதுவே மிகத் தூய்மையானது.

எதைத் தெரிவது?

கரு, மறைகுறியாக்கம், வலையிணைப்பு, பணிச்சூழல் போன்ற அடித்தளக் கூறுகளை வழங்கலின் களஞ்சியத்திலிருந்தே பெறவேண்டும். விரைந்து மாறும் வரைகலை, ஒலி, காட்சி மென்பொருள்களில் புதுமை இன்றியமையாதெனில் ஃபிளாட்பேக்கை நாடலாம். நாடுமுன், அதைக் கட்டியவர் மூல உருவாக்குநர்தாமா என்பதையும் அது கேட்கும் இசைவுகளையும் பார்க்கவேண்டும். இணையத்தில் கண்ட கட்டளையை முழு அதிகாரத்தோடு அப்படியே ஒட்டி இயக்குவதை அறவே விடவேண்டும்.

தமிழும் இக்களஞ்சியத்தில் வாழ்கிறது. லோகித் தமிழ் எழுத்துரு டெபியனில் ஒரு பொதி; லிபர்ஆபிசின் தமிழ் இடைமுகம் ஒரு பொதி; தமிழ்ப் பணிச்சூழலுக்கு வேண்டியவற்றை ஒருங்கே கொணரும் தொகைப்பொதியும் உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் பன்மொழி உள்ளீட்டுப் பொதியின் உள்ளே அமைந்து உலகெங்கும் செல்கிறது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளம், டெபியன் பொதிகளின்மேல் எழுந்ததே. ஆனால் தமிழர் எழுதிய சொற்பிழை திருத்திகளும் எழுத்துரு மாற்றிகளும் மூலநிரலாகவே எங்கோ கிடந்து, எழுதியவரின் ஆர்வம் குன்றியதும் மறக்கப்படுவதைப் பலமுறை காண்கிறோம். பொதியாகாத மென்பொருளைப் பொதுப்பயனர் அடைவதில்லை. பேணுநர் இல்லாத பொதி களஞ்சியத்தில் நிலைப்பதில்லை.

ஆதலால் தமிழ் மென்பொருள் ஆக்குவோருக்கு ஒரு வேண்டுகோள். நிரலை எழுதியதோடு நில்லாதீர். உரிமத்தைத் தெளிவாக எழுதுங்கள், சார்புகளைப் பட்டியலிடுங்கள், பட்டிக்கோப்பில் தமிழ்ப்பெயர் வரியைச் சேருங்கள், பொதியாகக் கட்டுங்கள், பேணுநர் என்னும் இடத்தில் உங்கள் பெயரை இட்டு, அதற்கு விடையளிக்க அணியமாயிருங்கள். நிரல் எழுதத் தெரியாதவரும் ஒரு பொதியைச் சோதித்துப் பிழையைப் பதியலாம், இடைமுகத்தை மொழிபெயர்க்கலாம். டெபியனின் எழுபதாயிரம் பொதிகளைத் தாங்கும் அலுவல்முறை உறுப்பினர் ஏறத்தாழ ஆயிரம் பேரே. அவர்களோடு இணையும் கதவு எவருக்கும் திறந்தே இருக்கிறது.